2147483647: ஒரு பகா எண்ணின் உள்ளமைப்பு

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 என்னும் எண்ணைக் கணினி நிரல் எழுதுகிறவர்கள் எங்காவது ஓரிடத்தில் சந்தித்தே இருப்பார்கள். 32 பிட் (0 அல்லது 1 என்னும் இலக்கம் ஒன்றுக்கான இடமே பிட்) இடத்தில் கூட்டல் கழித்தல் குறியோடு எழுதக்கூடிய முழு எண்களில் மிகப் பெரியது இதுதான். 2014 டிசம்பரில் ஒரு கொரியப் பாடலின் காணொளியைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை இந்த வரம்பைத் தாண்டியபோது, யூடியூப் தன் எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றியிருந்த செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. 1970-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து நொடிகளை 32 பிட் எண்ணாக எண்ணிவரும் கணினிகளுக்கு, 2038 ஜனவரி 19 அன்று உலகப் பொது நேரம் 3 மணி 14 நிமிடம் 7 நொடியில் வரவிருக்கும் சிக்கலும் இதே எண்ணால்தான். ஆனால் இந்த எண் 1-ஆலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத பகா எண் என்பதும், இது பகா எண்தான் என்று கணினி பிறப்பதற்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே நிரூபிக்கப்பட்டுவிட்டது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பத்து இலக்கம் கொண்ட பகா எண்கள் கோடிக்கணக்கில் உள்ளன. அவற்றுள் இதற்கு மட்டும் தனி வரலாறு வாய்த்ததற்குக் காரணம் இதன் அளவன்று, இதன் வடிவம். 2-ஐ 31 முறை பெருக்கி அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது இந்த எண். இதைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி 2³¹ − 1 என்னும் அந்தச் சிறிய கோவையிலிருந்தே கிளைக்கிறது.

கணினியின் வரம்பு ஒரு பகா எண்ணாக அமைந்தது திட்டமிட்டதன்று, தற்செயல் என்பதை முதலில் சொல்லிவிடலாம். 8 பிட் இடத்தின் வரம்பாகிய 127 பகா எண். 16 பிட்டின் வரம்பாகிய 32767 அப்படியன்று, அது 7, 31, 151 ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். 32 பிட்டில் மறுபடியும் பகா எண் வாய்க்கிறது. 64 பிட்டின் வரம்பாகிய 2⁶³ − 1 மீண்டும் 7-ஆல் வகுபடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்துக்கான காரணம் அடுக்குகளில் இருக்கிறது. 7-உம் 31-உம் பகா எண்கள். 15-உம் 63-உம் பகு எண்கள். அடுக்கை இரு எண்களின் பெருக்கற்பலனாகப் பிரிக்க முடிந்தால், 2-இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துக் கிடைக்கும் எண்ணையும் பிரித்துவிடலாம்: 2¹⁵ − 1 என்பது 2³ − 1 ஆகிய 7-ஆலும், 2⁵ − 1 ஆகிய 31-ஆலும் கட்டாயம் வகுபடும். ஆகவே இந்த வடிவில் பகா எண் வேண்டுமானால் அடுக்கும் பகா எண்ணாக இருக்க வேண்டும். இதன் மறுதலை உண்மையன்று. 11 பகா எண்தான். ஆயினும் 2¹¹ − 1 ஆகிய 2047 என்பது 23 × 89.

இந்த மறுதலையை நம்பியோ நம்பாமலோ பலர் பட்டியல்கள் போட்டார்கள். இத்தாலியரான கட்டால்டி 1588-இல் 17, 19 ஆகிய அடுக்குகளுக்குக் கிடைக்கும் எண்கள் பகா எண்களே என்று வகுத்துப் பார்த்து உறுதிசெய்தார். அத்தோடு நின்றிருக்கலாம், 23, 29, 31, 37 ஆகியவற்றுக்கும் அப்படியே என்று அவர் சொல்லிவைத்தார். 2²³ − 1 என்பது 47-ஆல் வகுபடுவதையும், 2³⁷ − 1 என்பது 223-ஆல் வகுபடுவதையும் 1640-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா காட்டினார். 2²⁹ − 1 என்பது 233-ஆல் வகுபடுவதைப் பின்னர் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் காட்டினார். நான்கில் மூன்று பொய்த்துப்போக, 31 மட்டும் எஞ்சியது. 1644-இல் பிரெஞ்சுத் துறவியான மெர்சென் வெளியிட்ட புகழ்பெற்ற பட்டியலில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய அடுக்குகள் இருந்தன. அவற்றில் 67-உம் 257-உம் தவறு. சேர்க்கப்பட்டிருக்க வேண்டிய 61, 89, 107 ஆகியவை விடுபட்டுவிட்டன. இத்தனை பிழைகள் இருந்தும் இவ்வகை எண்கள் இன்றளவும் அவர் பெயரால் மெர்சென் எண்கள் என்றே வழங்குகின்றன. அந்தப் பட்டியலில் 31 சரியாக இடம்பெற்றிருந்தாலும், அது சரி என்பதற்கான நிரூபணம் அன்று எவரிடமும் இல்லை.

நிரூபணத்தைத் தந்தவர் ஆய்லர். 1772-இல் கணித அறிஞர் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் அவர் அதை அறிவித்தார். அப்போது அவர் ஏறத்தாழ முழுமையாகப் பார்வையிழந்திருந்தார். அவருடைய வழி அடிப்படையில் வகுத்துப் பார்ப்பதுதான் என்றாலும், எதனால் வகுத்துப் பார்க்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில்தான் அவர் திறமை வெளிப்படுகிறது. ஓர் எண் பகு எண்ணாக இருந்தால், அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத ஒரு பகாக் காரணியேனும் அதற்கு இருக்க வேண்டும். 2147483647-இன் வர்க்கமூலம் 46340-ஐ விடச் சற்றே அதிகம். அதற்குக் கீழுள்ள பகா எண்கள் 4700-க்கும் மேல். அத்தனையாலும் வகுத்துப் பார்ப்பது முடியாத காரியமன்று. ஆனால் எந்த ஓரிடத்தில் கை தவறினாலும் முழு உழைப்பும் வீணாகும்.

ஆய்லர் செய்த வடிகட்டல் இரண்டு நிலைகளில் நடக்கிறது. ஒரு பகா எண் 2³¹ − 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணால் வகுக்கும்போது 2³¹ மீதி 1 தரும். 2-இன் அடுக்குகளில் எது முதன்முதலாக மீதி 1 தருகிறதோ அந்த அடுக்கு 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண் ஆகையால் முதன்முறை என்பதே 31-ஆவது அடுக்கில்தான் நிகழ முடியும். மறுபுறம், எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் அதைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2-ஐ உயர்த்தினால் மீதி 1 வரும் என்பது ஃபெர்மாவின் தேற்றம். (2 என்னும் பகா எண்ணுக்கு இது பொருந்தாது, ஒற்றை எண்ணாகிய 2147483647-க்கு அது காரணியாகவும் முடியாது.) இவ்விரண்டையும் சேர்த்தால், நாம் தேடும் காரணியிலிருந்து ஒன்றைக் கழித்துக் கிடைப்பது 31-இன் மடங்காக இருந்தாக வேண்டும். காரணி ஒற்றை எண் என்பதால் அது 62-இன் மடங்காகவும் இருக்க வேண்டும். இது முதல் நிலை: காரணி 62-இன் மடங்கைவிட ஒன்று அதிகமான எண்.

இரண்டாம் நிலை இன்னும் நுட்பமானது. 2³¹ மீதி 1 தருமானால் 2³² மீதி 2 தரும். 2³² என்பது 2¹⁶-இன், அதாவது 65536-இன் வர்க்கம். ஆகவே அந்தக் காரணியைக் கொண்டு மீதிகளைக் கணக்கிடும் உலகில் 2 என்பது ஒரு முழு வர்க்கம். எந்தப் பகா எண்களுக்கு 2 இவ்வாறு வர்க்கமாக அமையும் என்றால், 8-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 தருபவற்றுக்கு மட்டுமே. 62-இன் மடங்கைவிட ஒன்று அதிகமான எண்களை 248-ஆல் வகுத்தால் மீதி 1, 63, 125, 187 ஆகிய நான்கில் ஒன்றாக வரும். இவற்றை 8-ஆல் வகுத்தால் முறையே 1, 7, 5, 3 மீதியாகும். எனவே பின்னிரண்டும் கழிந்துபோக, காரணி என்று ஒன்று இருந்தால் அது 248-இன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டியதாகவே இருக்க முடியும்.

46340-க்குள் இத்தகைய எண்கள் 372 மட்டுமே. அவற்றிலும் பகு எண்களை விட்டுவிட்டால் நூற்றுக்கும் குறைவானவையே எஞ்சும். தொடக்கத்தைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய சிக்கனம் என்பது விளங்கும். 249 என்பது 3 × 83, ஆகவே தேவையில்லை. 311 பகா எண். அதைச் சோதிக்க வேண்டும். 2147483647-ஐ 311-ஆல் வகுத்தால் ஈவு 6905092, மீதி 35. அடுத்து வரும் 497, 559, 745, 807, 993, 1055, 1241 ஆகிய ஏழும் பகு எண்கள். அதன்பின் 1303, அதனால் வகுத்தால் மீதி 226. இந்த வடிகட்டல் இல்லாமல் 1303-ஐ எட்டுவதற்குள் இருநூறுக்கும் மேற்பட்ட பகா எண்களால் வகுத்திருக்க வேண்டும்; இங்கே இரண்டே வகுத்தல்கள். இப்படியே சென்று இறுதிவரை ஓரிடத்திலும் மீதி பூச்சியம் ஆகவில்லை என்று கண்டதே ஆய்லரின் நிரூபணம். நாற்பது ஆண்டுகளுக்கு முன், 2³² + 1 பகா எண் என்ற ஃபெர்மாவின் கூற்றை அவர் உடைத்ததும் இதே பாணியில்தான். அங்கே காரணி 64-இன் மடங்கைவிட ஒன்று அதிகமாக இருக்க வேண்டும் என்ற விதி அவரை 641-க்கு இட்டுச்சென்றது. ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரண்டு எண்கள். ஒன்றில் தேடல் சட்டென்று பலித்தது, மற்றொன்றில் தேடல் பலிக்காமல் போனதே முடிவாயிற்று.

அதன்பின் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக 2147483647 என்பதே மனிதர் அறிந்த மிகப் பெரிய பகா எண்ணாக இருந்தது. கூடவே மற்றொரு பட்டமும் அதற்கு வந்து சேர்ந்தது. தன்னைத் தவிர்த்த தன் காரணிகள் அனைத்தின் கூடுதலுக்குச் சமமான எண்களைச் செவ்விய எண்கள் என்கிறோம். 6, 28, 496 ஆகியவை அத்தகையவை. மெர்சென் வகைப் பகா எண் ஒவ்வொன்றையும் அதற்குரிய 2-இன் அடுக்கால் பெருக்கினால் ஓர் இரட்டைச் செவ்விய எண் கிடைக்கும் என்று யூக்ளிட் காட்டினார். இரட்டைச் செவ்விய எண்கள் எல்லாமே இப்படித்தான் கிடைக்கும், வேறு வழியில்லை என்று ஆய்லர் காட்டினார். 2³⁰-ஐ 2147483647-ஆல் பெருக்கினால் வரும் 2305843008139952128 என்னும் 19 இலக்க எண் எட்டாவது செவ்விய எண். 1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலக் கணித அறிஞர், இதற்கு மேற்பட்ட செவ்விய எண்ணை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை என்று எழுதினார். இவை வெறும் விந்தைகள், பயன் எதுவும் இல்லாதவை, ஆகவே யாரும் முயலமாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அவருடைய கணிப்பு பொய்த்தது பலமுறை எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் பயன் இல்லை என்று சொன்ன பகுதிதான், கீழே பார்க்கவிருப்பதுபோல, இன்னும் பெரிய தவறு.

ஆய்லரின் முறைக்கு ஓர் எல்லை உண்டு. அடுக்கு கூடக்கூட வகுத்துப் பார்க்க வேண்டியவை தாங்கமுடியாத அளவுக்குப் பெருகிவிடும். 1876-இல் 39 இலக்கம் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்று பிரான்சின் எதுவார் லூக்கா காட்டியது வகுத்தலால் அன்று. அவர் கண்டறிந்து, 1930-களில் அமெரிக்கரான லேமர் எளிமைப்படுத்திய சோதனை வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. 4-இல் தொடங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கையிலிருக்கும் எண்ணை வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான எண்ணிக்கையில் இதைச் செய்தபின் மீதி பூச்சியமானால் அது பகா எண். ஆகாவிட்டால் பகு எண். 31-ஐயே, அதாவது 2⁵ − 1-ஐயே சோதித்துப் பார்க்கலாம். அடுக்கு 5, ஆகவே மூன்று படிகள்: 4-இலிருந்து 14, 14-இன் வர்க்கத்தில் இரண்டு குறைய 194, அதை 31-ஆல் வகுக்க மீதி 8, 8-இன் வர்க்கத்தில் இரண்டு குறைய 62, அதை 31-ஆல் வகுக்க மீதி 0. முடிந்தது.

2147483647-க்கு இதே சோதனை 29 படிகளில் முடிந்துவிடும். 14, 194, 37634, 1416317954 என்று முதல் நான்கு படிகள் வகுத்தலே இல்லாமல் கடந்துபோகும். அதற்கு மேல்தான் மீதி காண வேண்டியிருக்கும். இங்கே ஓர் அழகான குறிப்பு உண்டு. 29-ஆம் படியில் பூச்சியம் வருகிறது என்றால், 28-ஆம் படியில் வந்த எண்ணின் வர்க்கம் மீதி 2 தந்திருக்க வேண்டும். இந்தப் பகா எண்ணின் உலகில் எந்த எண்ணின் வர்க்கம் 2 என்பது நமக்கு முன்பே தெரியும்: 65536, அல்லது 2147483647-இலிருந்து அதைக் கழித்தால் வரும் 2147418111. எனவே கணக்கு எந்த வழியாகச் சுற்றி வந்தாலும், கடைசிக்கு முந்தைய படியில் இவ்விரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்க முடியும். 31-க்கான சோதனையில் கடைசிக்கு முன் வந்த 8-உம் இத்தகையதே. 8-இன் வர்க்கமாகிய 64-ஐ 31-ஆல் வகுக்க மீதி 2.

பெரிய எண்களைச் சோதிப்பதற்குப் பொதுவாக முதலில் எடுக்கப்படும் கருவி ஃபெர்மாவின் தேற்றம். 2-ஐ உரிய அடுக்குக்கு உயர்த்தி மீதி 1 வருகிறதா என்று பார்ப்பார்கள். மெர்சென் எண்களிடம் இந்தக் கருவி மழுங்கிவிடும் என்பதைப் பாடநூல்கள் போதிய அழுத்தத்துடன் சொல்வதில்லை. அடுக்கு பகா எண்ணாக இருக்கும் எந்த மெர்சென் எண்ணும், பகா எண்ணோ பகு எண்ணோ, 2-ஐ வைத்துச் செய்யும் இந்தச் சோதனையில் தேறிவிடும். 23 × 89 ஆகிய 2047-கூடத் தேறுகிறது. காரணம் எளிது: அந்த எண்ணின் உலகில் 2-இன் அடுக்குகள் 1, 2, 4, 8 என்று சென்று, அடுக்கு 11 ஆனதும் மறுபடி 1-க்கே திரும்பிவிடும், 2046 என்பது 11-இன் மடங்கு. 2147483647-இலும் அப்படித்தான். 2-இன் அடுக்குகளாக 31 வெவ்வேறு எண்கள் மட்டுமே கிடைக்கும். 214 கோடி எண்களுள் மற்றவை எதையும் அது தொடுவதே இல்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் தொடும் எண் எது என்ற கேள்வி எழுகிறது. அதற்கு இந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைவான 2147483646-இன் காரணிகள் தெரிய வேண்டும். சாதாரணமாகப் பெரிய எண் ஒன்றின் காரணிகளைக் காண்பது கடினம். இங்கே வடிவம் மறுபடி கைகொடுக்கிறது. 2³¹ − 2 என்பது 2-ஐ 2³⁰ − 1-ஆல் பெருக்கியது. அந்த 2³⁰ − 1 என்பது 32767-ஐ 32769-ஆல் பெருக்கியது. 32767 என்பது 7 × 31 × 151 என்று முன்பே பார்த்தோம். 32769 என்பது 9 × 11 × 331. ஆக மொத்தத்தில் பகாக் காரணிகள் 2, 3, 7, 11, 31, 151, 331 ஆகிய ஏழு மட்டுமே. 3 மட்டும் இருமுறை வருகிறது. இந்த ஏழும் தெரிந்துவிட்டதால், ஓர் எண்ணின் அடுக்குகள் அத்தனை மீதிகளையும் உண்டாக்குமா என்பதை ஏழே கணக்குகளில் சோதித்துவிடலாம். 7 என்னும் எண் அதில் தேறுகிறது. அதைவிடச் சிறிய எண் எதுவும் தேறுவதில்லை. 7-இன் அடுக்குகளை வரிசையாக எடுத்து 2147483647-ஆல் வகுத்து மீதிகளைக் குறித்துக்கொண்டே போனால், 1 முதல் 2147483646 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒருமுறை வந்த பிறகுதான் மறுபடி 1 வரும். 7 இப்படித் தேறுவதே 2147483647 பகா எண் என்பதற்கு மற்றொரு நிரூபணமுமாகும். பகு எண்ணுக்கு இவ்வளவு நீண்ட சுற்று அமையவே முடியாது. 7-ஐப் போன்ற தகுதியுடைய எண்கள் மொத்தம் 53 கோடியே 46 லட்சம் உள்ளன. ஏழு காரணிகளிலிருந்தும் இந்தத் தொகையைக் கையாலேயே கணக்கிட்டுவிடலாம்.

பார்லோ இல்லை என்று எழுதிய பயன் இந்த இடத்தில்தான் நுழைகிறது. சமவாய்ப்பு எண்கள் (பகடை உருட்டி எடுத்ததுபோல ஊகிக்க முடியாத எண்கள்) போலத் தோன்றும் எண்களைக் கணினியில் உண்டாக்க, ஒரு நிலையான பெருக்கியால் பெருக்கி மீதி எடுத்துக்கொண்டே போகும் முறையை லேமர் 1949-இல் முன்வைத்தார். மீதி எடுப்பதற்கான எண் பகா எண்ணாக இருந்து, பெருக்கி மேற்சொன்ன தகுதி உடையதாகவும் இருந்தால், சுற்று முழு நீளத்துக்குச் செல்லும். 1988-இல் பார்க், மில்லர் ஆகிய இருவர், குறைந்தபட்சத் தரம் என்று சொல்லத்தக்க ஓர் உருவாக்கியாக 2147483647-ஐயும் 16807 என்னும் பெருக்கியையும் பரிந்துரைத்தார்கள். 16807 என்பது 7-இன் ஐந்தாம் அடுக்கு. 5 என்பது மேற்சொன்ன ஏழு காரணிகளில் இல்லாததால், 7-இன் தகுதி அதன் ஐந்தாம் அடுக்குக்கும் அப்படியே கிடைக்கிறது. சி பிளஸ் பிளஸ் என்னும் கணினி நிரல் மொழியின் தர நூலகத்தில் இந்த உருவாக்கி இன்றும் இருக்கிறது. 1-இல் தொடங்கினால் பத்தாயிரமாவது எண்ணாக 1043618065 வர வேண்டும் என்பதை அந்த மொழியின் தரநிலையே சரிபார்ப்புக்காகக் குறிப்பிடுகிறது.

வடிவத்தால் கிடைக்கும் வசதியை இதில் அருகிருந்து பார்க்கலாம். 1-இல் தொடங்க முதல் எண் 16807. இரண்டாவது அதன் வர்க்கமாகிய 282475249. மூன்றாவது எண்ணுக்கு இதை 16807-ஆல் பெருக்க 4747561509943 வருகிறது. இதை 2147483647-ஆல் வகுத்து மீதி காண வேண்டும். ஆனால் வகுக்க வேண்டிய தேவையே இல்லை. 2³¹-ஆல் வகுப்பது கணினிக்கு வகுத்தலே அன்று. கடைசி 31 பிட்டுகளை வெட்டித் தனியே வைப்பதுதான். அப்படி வெட்டினால் மேற்பகுதி 2210, கீழ்ப்பகுதி 1622647863. 2³¹ மீதி 1 தருவதால், மேற்பகுதியைக் கீழ்ப்பகுதியோடு கூட்டினால் போதும்: 1622650073. மூன்றாவது எண் அதுவே. இந்த வடிவில் இல்லாத வேறொரு பகா எண்ணை எடுத்திருந்தால் இந்தக் குறுக்குவழி வாய்க்காது. இன்று இணையப் பாதுகாப்பில் பயன்படும் நீள்வட்ட வளைவுகள் என்னும் கணித அமைப்புகளில் ஒன்று 2⁵²¹ − 1 என்னும் மெர்சென் பகா எண்ணின் மீது அமைக்கப்பட்டிருப்பதும் இந்த வெட்டிக் கூட்டும் வசதிக்காகத்தான்.

இந்த உருவாக்கியின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். 214 கோடி என்பது இன்றைய கணினி சில நொடிகளில் தீர்த்துவிடும் நீளம். இரகசியம் காக்கும் வேலைக்கு இது அறவே ஆகாது. ஆனால் இதற்கு முன் பரவலாக இருந்தவற்றோடு ஒப்பிட்டால்தான் பகா எண்ணின் அருமை தெரியும். 1960-களிலும் 70-களிலும் பலர் நம்பிப் பயன்படுத்திய ராண்டு என்னும் உருவாக்கி, 2³¹ − 1-ஐ விட்டுவிட்டு அடுத்த எண்ணாகிய 2³¹-ஐயே மீதி எடுக்கும் எண்ணாகவும், 65539-ஐப் பெருக்கியாகவும் கொண்டிருந்தது. அதில் வரும் எந்த எண்ணும், தனக்கு முந்தையதன் ஆறு மடங்கிலிருந்து அதற்கும் முந்தையதன் ஒன்பது மடங்கைக் கழித்து 2³¹-ஆல் வகுத்தால் வரும் மீதிக்குச் சமம். அடுத்தடுத்த மூன்று எண்களை முப்பரிமாண வெளியில் ஒரு புள்ளியாகக் குறித்தால் எல்லாப் புள்ளிகளும் பதினைந்தே தளங்களில் படிந்துவிடும். பழி முழுவதும் 2³¹-ஐச் சேராது, பெருக்கியும் மோசமானது. என்றாலும் இரண்டின் தூய அடுக்கை வைத்துக்கொண்டால் கடைசி பிட்டுகள் மிகக் குறுகிய சுற்றில் சிக்கிக்கொள்ளும் குறையை எந்தப் பெருக்கியாலும் போக்க முடியாது.

எண் வரிசையில் இதன் அண்டை அயலைப் பற்றியும் சில செய்திகள். 2-இலிருந்து எண்ணிவந்தால் இது 105097565-ஆவது பகா எண். இந்த அளவில் அடுத்தடுத்த பகா எண்களுக்கிடையே சராசரி இடைவெளி 21-க்குச் சற்று மேல். இதற்கு முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659. ஆக இருபுறமும் இடைவெளி சராசரியைவிடக் குறைவே. இரண்டு தள்ளி இன்னொரு பகா எண் அமையும் இரட்டைப் பகா எண் தகுதி இதற்கு இல்லை. இரண்டு குறைந்தால் 5-இல் முடிகிறது. இரண்டு கூடினால் வரும் 2³¹ + 1, அடுக்கு ஒற்றைப்படை என்பதால், 3-ஆல் வகுபட்டே தீரும். அந்த வகுத்தலின் ஈவாகிய 715827883 தானும் ஒரு பகா எண் என்பது சுவையான செய்தி. 4-ஆல் வகுக்க மீதி 3 தருவதால், 2147483647-ஐ இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுதவும் முடியாது.

இதன் அடுக்காகிய 31-உம் ஒரு மெர்சென் பகா எண் என்பதைக் கவனித்திருக்கலாம். 5-இலிருந்து 2⁵ − 1 ஆகிய 31. 31-இலிருந்து 2³¹ − 1. இப்படி மெர்சென் பகா எண்ணையே அடுக்காகக் கொண்ட பகா எண்கள் இதுவரை நான்கே நான்கு தெரியும்: 7, 127, 2147483647, 2¹²⁷ − 1. 2024 அக்டோபரில் கண்டறியப்பட்ட, நான்கு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 வரை எத்தனையோ மெர்சென் பகா எண்கள் வந்துவிட்ட பின்னும் இந்த நான்கோடு ஐந்தாவது சேரவில்லை. 5, 31, 2147483647 என்னும் இந்தத் தொடரில் அடுத்த படி இயல்பாகவே கேட்கப்படும்: 2-ஐ 2147483647 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது பகா எண்தானா? அந்த எண்ணுக்கு 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். லூக்கா-லேமர் சோதனையை அதன்மீது செலுத்தினால், அத்தனை இலக்கம் கொண்ட எண்ணை 214 கோடிக்கும் மேற்பட்ட முறை வர்க்கப்படுத்த வேண்டியிருக்கும். இன்றைய கணினிகளுக்கும் அது எட்டாக்கனி.

ஆனால் ஆய்லர் 372 எண்களாகச் சுருக்கிய அதே விதி இங்கேயும் செல்லும். இந்த மாபெரும் எண்ணுக்குக் காரணி இருந்தால், அது 2147483647-இன் இருமடங்கை ஏதோ ஒரு முழு எண்ணால் பெருக்கி ஒன்றைக் கூட்டியதாகவும், 8-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 தருவதாகவும் இருக்க வேண்டும். அப்படித் தேடியபோது, பெருக்கும் எண் 68745 ஆகும்போது வரும் 295257526626031 என்னும் பதினைந்து இலக்க எண் காரணியாக அகப்பட்டது. தொடர் அங்கே அறுந்தது. 64 கோடி இலக்கங்களில் ஒன்றைக்கூட எழுதாமலே யாரும் இதைச் சரிபார்க்கலாம். 2-ஐ எடுத்து, வர்க்கப்படுத்தி, 295257526626031-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, இதையே மொத்தம் 31 முறை செய்தால் கடைசியில் கையில் நிற்பது மறுபடியும் 2.